ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஸ்பீக்கரிலும் ஊளை ஏறுகிறது. கேபிள் மாற்றியும் போகவில்லை

ஒத்துக்காரர் மகன் (கும்பகோணம்):

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது 2013ஆம் ஆண்டு டீசல் கார், ஒரு கை மாறி வந்தது. மூன்று மாதங்களுக்கு முன் டிக்கியில் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர் வைத்தேன், சேனலுக்கு 50 வாட். முன்கதவு ஸ்பீக்கர்களும் ஸ்டீரியோவும் புதியவை. பொருத்தியது இங்குள்ள ஒரு கடை. எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டால் ஒரு குறை சொல்ல முடியாது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மெல்லிய ஊளை ஒன்று கிளம்புகிறது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் கூடவே ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது.

அப்பா நாற்பது ஆண்டுகள் நாகசுரக் கச்சேரிகளில் ஒத்து, அதாவது ஒரே சுருதியை விடாமல் பிடிக்கும் துணைக்குழல், ஊதியவர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவரைத் தஞ்சாவூருக்கு மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். போகவர ஆலாபனைகள்தான் துணை. சத்தத்தைக் கூட்டினால் ஊளை அமுங்கிவிடும், ஆனால் அவருக்குப் பெரிய சத்தம் ஆகாது. குறைத்து வைத்தால், ஒரு சங்கதி முடிந்து ஒத்து மட்டும் நின்று ஒலிக்கும் இடத்தில் இது குறுக்கே ஓடுகிறது. அந்த ஒத்தைப் பிடிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அவர். சென்ற முறை பாபநாசம் வருவதற்குள் "நிறுத்திவிடப்பா" என்றார். அன்று முழு வழியும் பாட்டில்லாமல்தான் போய்வந்தோம்.

அப்பா கவனித்துச் சொன்ன ஒன்றையும் எழுதிவிடுகிறேன். வண்டி நிற்கும்போது, அதாவது 800 ஆர்.பி.எம்.மில் கேட்பதை ஷட்ஜமாக வைத்தால், முள் 1,200ஐத் தொடும்போது பஞ்சமம், 1,600இல் மேல் ஷட்ஜம். மூன்று முறை நிறுத்தி வைத்துப் பார்த்தோம், மாறவில்லை.

கடையில் "கேபிள் மட்டம்" என்று சொல்லி, ஸ்டீரியோவிலிருந்து டிக்கிக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. கேபிளை மாற்றித் தந்தார்கள். பிறகு மின்சார ஒயரில் ஒரு ஃபில்டரும் போட்டார்கள். பயனில்லை. கேபிள் மாற்றிய பிறகு ஊளை சற்றுக் கூடியதுபோலவே இருக்கிறது, என் பிரமையாகவும் இருக்கலாம். இப்போது "எஞ்சின் உள்ள வண்டியில் இது இருக்கத்தான் செய்யும்" என்கிறார்கள். அப்படித்தானா? என்னிடம் மஞ்சள் நிற மல்டிமீட்டர் ஒன்று உண்டு, அளக்கத் தெரியும்.

பழைய டைனமோ (கோயம்புத்தூர்):

தம்பி, "இருக்கத்தான் செய்யும்" என்பதை ஏற்காதீர்கள். இருபத்தெட்டு ஆண்டுகளாக வண்டி மின்வேலை பார்க்கிறேன். காரணம் கிடைக்காமல் போன ஊளையை நான் பார்த்ததில்லை, தேடும் பொறுமை கிடைக்காமல் போனதுண்டு.

உங்கள் அப்பா பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார். ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் என்றால் ஒன்று, ஒன்றரை, இரண்டு. 800, 1,200, 1,600உம் அதே கணக்குதான். எஞ்சின் வேகத்தோடு பிசகாமல் ஏறும் ஒலி ஆல்டர்னேட்டரிலிருந்துதான், அதாவது எஞ்சின் சுழற்ற மின்சாரம் தரும் கருவியிலிருந்துதான் வர முடியும். ஏ.சி. ஊதியோ, எரிபொருள் பம்பின் மோட்டாரோ, செல்போன் சார்ஜரோ ஆக்சிலேட்டருக்கு இப்படி அசைந்து கொடுக்காது. ஸ்பார்க் பிளக் இரைச்சல் 'டிக் டிக்' என்று வேறுவிதமாக இருக்கும், டீசல் வண்டியில் அது கிடையவும் கிடையாது.

பல கார் ஆல்டர்னேட்டர்களில் ரோட்டருக்கு, அதாவது உள்ளே சுழலும் காந்தத்துக்கு, 12 துருவங்கள், சுருள்கள் மூன்று ஃபேஸ். டயோடுகள் அதை டி.சி.யாக மாற்றும்போது, ரோட்டரின் ஒரு சுற்றுக்கு 36 சிறு மேடுகள் மின்னழுத்தத்தில் மிஞ்சிவிடும். புல்லி விகிதம் இரண்டரை என்று கொண்டால், எஞ்சின் 800இல் ஓடும்போது ரோட்டர் 2,000 சுற்றும். நொடிக்கு 1,200 மேடு. காது நன்றாகப் பிடிக்கும் சுருதி அது.

இதைப் படித்துவிட்டு ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடாதீர்கள். அந்தச் சிற்றலை எல்லா வண்டியிலும் உண்டு. உங்கள் வண்டியில் அது பாட்டுக்குள் நுழைய எங்கே வழி கிடைத்தது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். டயோடு கெட்டிருந்தால் சுருதி கீழே இறங்கி உறுமும், பல நேரம் சார்ஜும் குறையும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சிற்றலையையே அளக்க உங்கள் மஞ்சள் மீட்டர் உதவாது. அதில் மாறுமின்னழுத்த (ஏ.சி.) அளவு 200 வோல்ட்டிலிருந்துதான் தொடங்கும், டி.சி.யையும் சேர்த்துக் காட்டிக் குழப்பும்.

முதலில் இதைச் செய்யுங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரில் ஆர்.சி.ஏ. கேபிளைக் கழற்றுங்கள். சார்ஜர் மாட்டாத செல்போனை நேராக ஆம்ப்ளிஃபயரில் இணைத்து டிக்கியிலேயே வையுங்கள். வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு நாம் போடும் ஒயர் போதும், ஒரு முனையில் ஹெட்போன் பின், மறுமுனையில் இரண்டு ஆர்.சி.ஏ. எஞ்சினை ஓடவிட்டுக் கேளுங்கள். ஊளை இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் ஒயர்களும் நல்லவை, ஸ்டீரியோவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையில் தேட வேண்டும்.

அப்படித்தான் வரும் என்று எனக்குப் படுகிறது. அப்போது எர்த்தைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் கரண்ட் முழுவதும் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்ப வேண்டும். எர்த் கம்பி பாடியைப் பிடிக்கும் இடம் சரியில்லை என்றால், டிக்கி எர்த்தும் டேஷ்போர்டு எர்த்தும் ஒரே மட்டத்தில் நிற்காது. அந்த வித்தியாசம் ஆர்.சி.ஏ. கேபிளின் வெளிவலை வழியாகப் பாட்டோடு கலக்கும். சத்தத்தைக் குறைத்து வைக்கும்போது ஸ்டீரியோ அனுப்புவது சில மில்லிவோல்ட்தான். கலப்பதும் அதே அளவு என்றால் காதில் விழாமல் இருக்குமா?

மீட்டரின் கறுப்பு முனையை ஐந்து மீட்டர் ஒயரால் நீட்டிப் பேட்டரியின் மைனஸில் கவ்வ வையுங்கள். சிவப்பு முனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் டெர்மினலில் தொடுங்கள். ஒயர் மெல்லியதாக இருந்தாலும் பரவாயில்லை, மீட்டர் கரண்ட் எடுக்காது. எஞ்சின் ஓட, பாட்டை நன்றாகக் கூட்டி, டி.சி.யில் படியுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அந்த எர்த்தை நான் விட்டு வைக்க மாட்டேன். எஞ்சினை அணைத்துவிட்டு ஓம்ஸில் அளந்து "சுழி காட்டுகிறது, நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். கரண்ட் ஓடும்போதுதான் மோசமான இணைப்பு தன்னைக் காட்டும்.

ஒன்று கேட்க வேண்டும். பேட்டரியிலிருந்து டிக்கிக்கு வரும் ஒயரில் ஃப்யூஸ் எங்கே இருக்கிறது? பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஊளையை விட இது முக்கியம், மறக்காமல் பாருங்கள்.

நெடுஞ்சாலை நண்பன்:

நண்பரே, இவ்வளவு கழற்றல் எதற்கு? ஆர்.சி.ஏ. கேபிளில் மாட்டும் ஐசோலேட்டர் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. என் வண்டியில் மாட்டினேன், அன்றே ஊளை போய்விட்டது.

பழைய டைனமோ:

போகும் நண்பரே, மறுக்கவில்லை. அதற்குள் இருப்பது சிறு டிரான்ஸ்ஃபார்மர். பாட்டு காந்தத்தின் வழியாகக் கடக்கும், எர்த் கடக்காது, அதனால் ஊளை நிற்கும். ஆனால் விலை மலிந்தவற்றில் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு சிறியது, கீழ்ச்சுருதி ஒலிகள் மெலிந்துவிடும். நாகசுரம் கேட்பவருக்குத் தவிலின் தொப்பி அடி மெலிந்தால் என்ன மிஞ்சும்? கெட்ட எர்த்தும் அப்படியே இருக்கும், நாளைக்கு அந்த இடம் சூடாகும். எல்லாம் செய்தும் போகவில்லை என்றால் கடைசியாக மாட்டிக்கொள்ளலாம்.

ஒத்துக்காரர் மகன்:

ஐயா, ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் இதிலேயே இருந்தேன். நீங்கள் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

பேட்டரியில் 14.2 வோல்ட். செல்போனை நேராக இணைத்தபோது ஊளை சுத்தமாக இல்லை. எஞ்சினை 2,000 வரை ஏற்றியும் இல்லை. எர்த் டெர்மினலில் 0.38 வோல்ட்.

டிக்கியின் பக்கவாட்டுத் தடுப்பைக் கழற்றினேன். எர்த் கம்பியின் முனையை முறுக்கி, தகரத்தில் ஏற்றும் சிறு ஸ்க்ரூவின் தலைக்கடியில் வைத்து இறுக்கியிருக்கிறார்கள். கீழே பெயிண்ட் அப்படியே இருக்கிறது. அதன் மேல் கறுப்பு ரப்பர்ப் பூச்சு, அதன் மேல் கம்பி. ஸ்க்ரூவின் மரை தகரத்தைத் தொடும் ஓரம்தான் மொத்த இணைப்பும். கம்பியை விரலால் அசைத்தபோது சுழன்றது. வெளியே எடுத்தால் நுனி இழைகள் கறுத்திருந்தன.

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, பாடியோடு வெல்ட் செய்த கனமான பகுதியில் ஏற்கனவே இருந்த ஒரு போல்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். சீட் பெல்ட் போல்ட் அருகிலேயே இருந்தது, உயிர் காக்கும் இடத்தில் கை வைக்க மனம் வரவில்லை. போல்ட்டைச் சுற்றி ரூபாய் நாணயம் அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்தேன். முதலில் வண்டியின் வெள்ளை போயிற்று, பிறகு சாம்பல் நிறப் பூச்சு, அதன் பிறகு இரும்பு கண்ணாடிபோல வந்தது. கம்பியின் கறுத்த முனையை வெட்டி எறிந்துவிட்டு, செம்பு லக் (போல்ட்டில் மாட்டும் முனை வளையம்) போட்டு நெரித்து, பல் வாஷரோடு இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். கம்பியின் நீளம் இப்போது ஒரு முழம்கூட இல்லை.

மறுபடி அளந்தேன், 0.03 வோல்ட்.

ஊளை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் போகவில்லை. நான் "சரியாகிவிட்டது" என்று அப்பாவை அழைத்து உட்கார வைத்தேன். அரை நிமிடம் கேட்டுவிட்டு, "இருக்கிறது, தூரத்தில்" என்றார்.

ஃப்யூஸ் விஷயத்தில் நீங்கள் சந்தேகப்பட்டது சரி. டிக்கியில், ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் இருந்தது. கதவோரத்தில் நான்கு மீட்டர் ஒயர் எந்தக் காப்பும் இல்லாமல் ஓடியிருக்கிறது. எங்காவது தேய்ந்து பாடியைத் தொட்டிருந்தால், அப்பா அந்த ஒயருக்கு மேலேதான் உட்கார்ந்திருப்பார். நினைக்கவே உடம்பு நடுங்குகிறது. ஃப்யூஸைப் பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி மாற்றிவிட்டேன். நீங்கள் கேட்காமல் இருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

பெரம்பூர் சால்டர்:

நான் ஸ்டீரியோ பழுதுபார்ப்பவள், அதனால் குறுக்கே வருகிறேன். கேபிள் மாற்றிய பிறகு ஊளை கூடியது என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். அது பிரமை இல்லை என்று நினைக்கிறேன். கேபிளை மாற்றியபோது ஸ்டீரியோ ஓடிக்கொண்டிருந்ததா?

சில ஸ்டீரியோக்களில் ஆர்.சி.ஏ. வாயின் வெளிவளையம் உள் எர்த்தோடு நேராகச் சேர்வதில்லை. இடையில் அரிசியை விடச் சிறிய ஃப்யூஸ் ஒன்று இருக்கும், சிலவற்றில் நூல்போன்ற செம்புத் தடம். மின்சாரம் இருக்கும்போது ஆர்.சி.ஏ.வைக் கழற்றி மாட்டினாலும், டிக்கி எர்த் கெட்டு கரண்ட் இந்த வழியே திரும்பினாலும் அது எரிந்துவிடும். பாட்டு நிற்காது, ஸ்டீரியோ வழக்கம்போல ஓடும், ஊளை மட்டும் வந்து தங்கும். எங்கள் மேசைக்கு இப்படி வருபவை நிறைய.

கண்டுபிடிப்பது எளிது. ஒரு துண்டுச் செம்புக் கம்பியின் தோலை உரித்து, ஸ்டீரியோவின் பின்னால் ஆர்.சி.ஏ. வெளிவளையத்தில் சுற்றி, மறுமுனையை ஸ்டீரியோவின் இரும்புக் கூட்டில் அழுத்துங்கள். ஊளை நின்றால் அதுதான் காரணம். நடுப்பின்னில் கம்பி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எர்த்தைச் சரிசெய்த பிறகு இதைச் செய்வதுதான் முறை. முன்பே செய்திருந்தால் அந்தக் கரண்ட் முழுவதும் இந்த மெல்லிய கம்பியில் பாய்ந்திருக்கும்.

ஒத்துக்காரர் மகன்:

அம்மா, ஸ்டீரியோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாட்டு பாடும்போதே கடைக்காரர் கேபிளை உருவியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, 'டப்' என்று கதவு ஸ்பீக்கர் அடித்தது.

நேற்று இரவு ஸ்டீரியோவை வெளியே இழுத்துக் கம்பியைச் சுற்றினேன். கூட்டில் தொட்டால் அமைதி, எடுத்தால் ஊளை. பத்து முறையாவது தொட்டுத் தொட்டு எடுத்தேன். இப்போது சிறு லக் போட்டுக் கூட்டின் ஸ்க்ரூவிலேயே பிடித்துவிட்டேன்.

இன்று தஞ்சாவூர் போய் வந்தோம். அய்யம்பேட்டை தாண்டியதும் அப்பா கையை நீட்டிச் சத்தத்தை இன்னும் இரண்டு படி குறைத்தார். அந்த அளவிலும் ஒத்து தனியாகக் கேட்டது. ஊர் வரும்வரை அவர் அதைத் தொடவே இல்லை.

ஒரு சிறு சந்தேகம் மிச்சம். செல்போனைச் சார்ஜரில் போட்டுக்கொண்டே ஆக்ஸ் ஒயரில் பாட வைத்தால், ஊளை லேசாக எட்டிப்பார்க்கிறது. சார்ஜரை எடுத்தால் போய்விடுகிறது.

பழைய டைனமோ:

அதுவும் எர்த்தின் வேலைதான் தம்பி. போன் இப்போது சார்ஜர் வழியாக ஒரு எர்த்தையும், ஆக்ஸ் வழியாக இன்னொரு எர்த்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. புளூடூத்தில் பாட வையுங்கள், அல்லது பாட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றி ஸ்டீரியோவிலேயே செருகிவிடுங்கள். பெரம்பூர் அம்மாவுக்கு என் நன்றி, ஸ்டீரியோவுக்குள் இருக்கும் அந்த ஃப்யூஸ் பக்கம் நான் போயிருக்கவே மாட்டேன். ஆறு மாதம் கழித்து அந்த எர்த் போல்ட்டை ஒருமுறை ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பாருங்கள்.