மக்களவை அமளியால் உண்மையில் ஆதாயம் அடைவது யார்?

தென்பெண்ணை (கேள்வி):
2018 மார்ச் மாதம் மக்களவை நடவடிக்கைகளைத் தொலைக்காட்சியில் நாள் தவறாமல் பார்த்தவன் நான். காவிரி மேலாண்மை வாரியத்தை அமைக்க மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் விதித்த ஆறு வாரக் கெடு ஓடிக்கொண்டிருந்தது. அதிமுக உறுப்பினர்கள் பதாகைகளுடன் அவையின் மையப்பகுதியில் நின்று முழக்கமிட்டார்கள். அதே நாள்களில், ஆந்திரத்துக்குச் சிறப்பு அந்தஸ்து கேட்டு, ஒய்.எஸ்.ஆர். காங்கிரசும் தெலுங்கு தேசமும் அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மான நோட்டீஸ் கொடுத்திருந்தன. ஆதரவாக 50 பேர் எழுந்து நின்றால் தீர்மானத்தை விவாதத்துக்கு ஏற்றாக வேண்டும். ஆனால், அவை ஒழுங்கில் இல்லாதபோது தலைகளை எண்ண முடியாது என்று கூறி சபாநாயகர் சுமித்ரா மகாஜன் அவையை ஒத்திவைப்பார்; மறுநாளும் அதே காட்சி. ஏப்ரல் 6 அன்று கூட்டத்தொடர் முடிந்தது. தீர்மானம் விவாதத்துக்கு வரவே இல்லை. அமளி எதிர்க்கட்சியின் ஆயுதம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த மாதம் அது யாரைக் காப்பாற்றியது?

அவைக்குறிப்பு:
கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. அவையில் எந்தெந்த வேலைக்கு அமைதி தேவை, எதற்குத் தேவையில்லை என்று பிரித்துப் பாருங்கள். கேள்வி நேரத்துக்கு அமைதி வேண்டும். துணைக் கேள்வி எழுப்பி அமைச்சரை மடக்க வேண்டுமானால் அவர் சொல்வது காதில் விழ வேண்டும். 50 பேரை எண்ணுவதற்கும் அமைதி வேண்டும். தலைகளை எண்ணாமல், 'ஆம்', 'இல்லை' என்ற குரல்களை வைத்தே முடிவு அறிவிக்கும் குரல் வாக்கெடுப்புக்கு அது தேவைப்படுவதில்லை.

நீங்கள் சொல்லும் அதே கூட்டத்தொடரில், மார்ச் 14 அன்று, முழக்கங்களுக்கு நடுவே நிதி மசோதாவும், துறைவாரியான செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கைகளும் விவாதமே இல்லாமல் அரை மணி நேர அளவில் நிறைவேறின. விவாதிக்கப்படாத எல்லாத் துறைகளின் கோரிக்கைகளையும் ஒன்றாகக் கட்டி வாக்குக்கு விடும் கில்லட்டின் முறை அதற்குக் கைகொடுத்தது. சுமார் 24 லட்சம் கோடி ரூபாய் செலவு மதிப்பீடு கொண்ட பட்ஜெட் அது. அரசியல் கட்சிகள் பெற்ற வெளிநாட்டு நன்கொடைகளை 1976 வரை பின்தேதியிட்டுக் காக்கும் திருத்தமும் அந்த நிதி மசோதாவுக்குள்ளேயே இருந்தது. அமைதியான அவையாக இருந்திருந்தால் அந்த ஒரு திருத்தத்துக்கே அரசு ஒரு பிற்பகல் முழுவதும் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

முள்ளிவாய்க்கால் சாலை:
மேலே உள்ள கருத்து ஓரளவுதான் சரி. 2010 குளிர்காலக் கூட்டத்தொடரை நினைவுபடுத்துகிறேன். இரண்டாம் தலைமுறை அலைக்கற்றை ஒதுக்கீடு குறித்து நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரிக்க வேண்டும் என்று அன்று எதிர்க்கட்சியாக இருந்த பாஜக பிடிவாதமாக நின்றதால், அந்தக் கூட்டத்தொடர் ஏறக்குறைய முழுவதுமே முடங்கியது. நாடாளுமன்றத்தை முடக்குவதும் சில வேளைகளில் ஜனநாயகத்துக்கு உட்பட்டதே என்று பாஜகவின் அருண் ஜேட்லி வெளிப்படையாக வாதிட்டார். மறுத்துவந்த அரசு, 2011 பிப்ரவரியில் பணிந்து கூட்டுக்குழு அமைக்க ஒப்புக்கொண்டது. ஆக, ஒற்றைக் கோரிக்கையும், அதன் பின்னால் ஒன்றுபட்ட எதிர்க்கட்சிகளும், வெளியே மக்களின் கோபமும் சேர்ந்தால் முடக்கம் பலன் தருகிறது. 2018 மார்ச்சில் ஆளுக்கொரு கோரிக்கை: தெலுங்கானா ராஷ்டிர சமிதிக்கு இடஒதுக்கீடு, ஆந்திரக் கட்சிகளுக்குச் சிறப்பு அந்தஸ்து, நமக்குக் காவிரி. ஒருவர் முழக்கம் இன்னொருவர் தீர்மானத்தை அமுக்கியது.

அவைக்குறிப்பு:
2010 உதாரணத்தை ஏற்கிறேன். ஆனால் அன்று கூட்டணி அரசு. கூட்டாளிகளைச் சமாளிக்க வேண்டியிருந்தது. தனிப்பெரும்பான்மை உள்ள அரசுக்கு ஒரு கூட்டத்தொடர் வீணாவது அவ்வளவு வலிப்பதில்லை.

கரிசல் மண்:
மாநிலங்களவையில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்களை, உறுப்பினர்கள் கூடி விரிவாக ஆராயும் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற திமுகவின் திருச்சி சிவா, வாக்குகளை எண்ணிப் பதிவுசெய்யும் டிவிஷனைக் கோரினார். விதிப்படி ஓர் உறுப்பினர் கேட்டாலே டிவிஷன் நடத்துவது மரபு. துணைத் தலைவர் ஹரிவன்ஷ், கேட்பவர்கள் தத்தம் இருக்கையில் இருக்க வேண்டும், அவை ஒழுங்கில் இல்லை என்று சொல்லி, குரல் வாக்கெடுப்பிலேயே மசோதாக்கள் நிறைவேறியதாக அறிவித்தார். சிவா தம் இருக்கையில் இருந்தபடியே கேட்டது காணொளிப் பதிவில் தெரிகிறது என்று பின்னர் செய்தி வந்தது. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அரசுக்கு எண்ணிக்கை உறுதியாக இருந்ததா என்பதை அந்த டிவிஷன்தான் காட்டியிருக்கும். அமளி அதற்கு வழியில்லாமல் செய்துவிட்டது.

கத்தாதே என்று எதிர்க்கட்சிக்கு மட்டும் உபதேசம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவையின் நிகழ்ச்சி நிரலை முடிவு செய்வது அரசு. பிரிட்டனில் ஒரு கூட்டத்தொடருக்கு 20 நாள்கள் எதிர்க்கட்சிகள் தாங்கள் விரும்பும் பொருளை விவாதிக்க ஒதுக்கப்படுகின்றன. நம்மிடம் வெள்ளிக்கிழமை பிற்பகலில், அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கு இரண்டரை மணி நேரம் உண்டு, அவ்வளவுதான். அதிலும் இதே திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவையில் தேங்கிப்போனது. தனிநபர் மசோதா ஒன்று கடைசியாகச் சட்டமானது 1970இல்.

தென்பெண்ணை:
விளக்கங்களுக்கு நன்றி. ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. அடுத்த கூட்டத்தொடரில், ஜூலையில், நம்பிக்கையில்லாத் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்பட்டதே, அப்போது ஏன் எண்ண முடிந்தது?

அவைக்குறிப்பு:
மையப்பகுதியில் யாரும் நிற்கவில்லை, அதனால் எண்ண முடிந்தது. காவிரி நீர் மேலாண்மை ஆணையம் ஜூன் 1 அன்று அரசிதழில் அறிவிக்கப்பட்டுவிட்டது. அதுவும் உச்ச நீதிமன்றத்தின் அழுத்தத்தால் வந்தது. ஜூலை 20 அன்று நாள் முழுவதும் விவாதம் நடந்து, 126க்கு 325 என்ற கணக்கில் தீர்மானம் தோற்றது. மார்ச்சில் மையப்பகுதியை நிரப்பிய அதிமுகவின் வாக்குகள் அந்த 325இல்தான் இருந்தன.