அப்பத்தா வீடு (குடும்பக் குழு)

கார்த்தி: ஜப்பான்ல கினோசாகிங்கிற வெந்நீர் ஊற்று ஊர்ல விடுதிக்கு இன்னைக்கு ராத்திரிக்குள்ள பேர் கொடுக்கணும். டிசம்பர் 27, ஒரு ராத்திரி. யார் யாரு?

செல்வம் சித்தப்பா: நான்

மலர் அத்தை: உங்க அப்பத்தா வருதாம். ஆனா கையில பச்சை குத்தியிருந்தா குளிக்க விடமாட்டாங்கன்னு குமரன் சொல்றானே?

குமரன்: ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சா சில இடத்துல விடுவாங்க

மலர் அத்தை: கேட்டுட்டேன். குத்தியிருக்கிறது அதோட அண்ணன் பேரு, மூடிட்டுக் குளிக்க மாட்டேங்குது

செல்வம் சித்தப்பா: தோப்பை எழுதிக்கிட்ட அண்ணன்

மலர் அத்தை: அதை இப்ப எடுக்காத செல்வம்

கார்த்தி: அத்தை, அதுக்காகத்தான் இந்த ஊரையே தேடிப் பிடிச்சேன். யாகுசா ரவுடிங்க உடம்பெல்லாம் பச்சை குத்துறதால அங்க நிறைய வெந்நீர்க் குளத்துல தடை. 2013ல ஹொக்கைடோவில, முகத்துல குலப் பச்சை இருந்த, நியூசிலாந்து மாவோரி இனத்து அம்மா ஒருத்தரையே திருப்பி அனுப்பிட்டாங்க. கினோசாகியில ஊருக்குப் பொதுவா 7 குளியல் வீடு, எல்லாத்துலயும் பச்சையோட போகலாம். விடுதியில தங்கினா அதுக்குக் காசும் இல்ல. யுகாதாங்கிற பருத்தி அங்கி கட்டிக்கிட்டு, மரச்செருப்புப் போட்டு, வாய்க்கால் ஓரமா நடந்தே போவோம். அப்பத்தா பேரை மூடவே வேண்டாம்.

மலர் அத்தை: படிச்சுக் காட்டினேன். கண்ணு கலங்கிருச்சு

மலர் அத்தை: நைட்டியோட இறங்கலாமா?

கார்த்தி: துணியே கூடாது அத்தை. முக்காலியில உக்காந்து சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் இறங்கணும். பொம்பளைங்களுக்குத் தனி இடம்.

அம்மா: மாமியார் முன்னாடி நானா? முடியாதுடா

கார்த்தி: விடுதிக்குள்ள தனிக் குளியலறை இருக்கும்மா. நேரம் சொல்லி வச்சா உள்ள தாழ் போட்டுக்கலாம். அப்பத்தாவுக்கு பிரஷர், 5 நிமிஷம் போதும். வெளியில பனி, தண்ணி நல்ல சூடு.

செல்வம் சித்தப்பா: சாப்பாடு?

கார்த்தி: நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் நண்டு

செல்வம் சித்தப்பா: 👍👍👍

மலர் அத்தை: எனக்கு மார்கழி விரதம்

கார்த்தி: அதை இப்பவே எழுதணும். காய் வேக வைக்கிற தண்ணியிலயே கருவாட்டுச் சீவல் போடுவாங்க. கடல்பாசி, காளான் சாறுல செய்யச் சொல்லிக் கேக்குறேன்.

குமரன்: யுகாதா எப்படிக் கட்டணும்?

கார்த்தி: இடது பக்கம் மேல வரணும். வலது மேல வந்தா சவத்துக்குக் கட்டுற முறை.

அம்மா: உங்க அப்பத்தாவுக்கு நானே கட்டி விடுறேன். யாரும் தொட வேண்டாம்

செல்வம் சித்தப்பா: மலர் பங்கு நண்டு எனக்கு

கார்த்தி: மகேசு சித்தி இன்னும் ஒண்ணும் சொல்லல. 6 பேரா 7 பேரா?

அம்மா: குத்தாலத்துக்குக் கூப்பிடலன்னு அவளுக்கு இன்னும் மனசுல இருக்கு. குழுவில கேட்டா வராது. தனியா போன் பண்ணு

மலர் அத்தை: 7ன்னே போடு