மே லீவுக்கு சிங்கப்பூரா, தாய்லாந்தா? பொண்ணுக்கு ஒரு ஊசி, மாமியாருக்கு ரெண்டு "முதல் டோஸ்" சர்டிபிகேட்

டோல்கேட் பயணி, 28 மார்ச் 2022

மே மாசம் பின்பாதியில ஒரு வாரம் குடும்பத்தோட வெளிநாடு போகலாம்னு திட்டம். தண்டையார்பேட்டையிலேர்ந்து 5 பேர்: நான், மனைவி, மாமியார் (67), பொண்ணு (13), பையன் (4). நானும் மனைவியும் கோவிட் ஊசி கோவிஷீல்டு ரெண்டு டோஸ் போட்டாச்சு. பொண்ணுக்குப் போன வாரம்தான் ஸ்கூல்ல, 12-14 வயசுக்காரங்களுக்குப் போடற கோர்பேவாக்ஸ் முதல் ஊசி. பையனுக்கு ஒண்ணும் இல்ல.

மாமியார்தான் சிக்கல். ரெண்டு ஊசியும் போட்டுட்டாங்க. ஆனா முதல் தடவை முகாம்ல பக்கத்து வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்துட்டாங்க, ரெண்டாவது தடவை என் நம்பர். இப்ப அரசோட தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின்ல பார்த்தா ரெண்டுமே "முதல் டோஸ்"னு தனித்தனியா நிக்குது.

நேத்து (27-ம் தேதி) முதல் வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் திரும்ப ஆரம்பிச்சாச்சு. டிராவல்ஸ்ல சிங்கப்பூர் சுலபம்னு சொல்றாங்க. திரும்பி வந்தா 7 நாள் வீட்டுத் தனிமை இன்னும் இருக்கா? எதை முதல்ல முடிக்கணும்?

மூலக்கொத்தளம், 28 மார்ச் 2022

டிக்கெட்டைத் தொடாதீங்க. எந்த நாடுன்னு உங்க பொண்ணுதான் முடிவு பண்றா.

ஏப்ரல் 1-லேர்ந்து சிங்கப்பூர் முழுசா ஊசி போட்டவங்களைத் தனிமை இல்லாம, இறங்கினதும் டெஸ்ட் இல்லாம விடுது. ஊசி போட்டவங்க அதுக்குன்னு ஒதுக்கின தனி விமானத்துலதான் வரணும்னு இருந்த விடிஎல் ஏற்பாடு போச்சு. ஊசி போடாத பிள்ளைங்க 12 வயசு வரைக்கும் கூட வரலாம். 13 ஆனா பெரியவங்க விதி. சுற்றுலாவுக்கு வர்றவங்க முழுசா ஊசி போட்டிருக்கலன்னா பொதுவா அனுமதியே கிடையாது.

"ஏப்ரல் கடைசியில ரெண்டாவது ஊசியும் போட்டுடுவோமே"ன்னு கேப்பீங்க. கோர்பேவாக்ஸ் உலக சுகாதார நிறுவனத்தோட அவசரகாலப் பட்டியல்ல இல்ல. சிங்கப்பூர் அந்தப் பட்டியலைத்தான் பாக்குது. கோவிஷீல்டு ஆரம்பத்திலேர்ந்தே அதுல இருக்கு, கோவாக்சின் 2021 நவம்பர் 3-ம் தேதிதான் ஏறுச்சு. 2007 அல்லது அதுக்கு முன்னாடி பிறந்த பிள்ளைங்களுக்கு நம்ம ஊர்ல கோவாக்சின், அதனால அவங்க தப்பிச்சாங்க. உங்க பொண்ணு ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட வயசு. டிராவல்ஸ்காரர் பெரியவங்க விதியை மட்டும் பாத்து "சுலபம்"னு சொல்லியிருப்பார்.

தாய்லாந்துல 18 வயசுக்குக் கீழே இருக்கறவங்க அப்பா அம்மாவோட வந்தா ஊசி கேக்கறதில்ல. அதனால தாய்லாந்து.

பழைய வண்ணை, 28 மார்ச் 2022

மாமியார் விஷயம் சரி பண்ணக்கூடியதுதான், ஆனா நாள் பிடிக்கும். இன்னைக்கே ஆரம்பிங்க.

கோவின் தளத்துல உள்ள போய் "ரெய்ஸ் அன் இஷ்யூ"ன்னு இருக்கறதை அழுத்துங்க. ரெண்டு முதல் டோஸ் சர்டிபிகேட்டை ஒண்ணா சேர்க்கறதுக்குன்னே அதுல ஒரு வழி இருக்கு. முதல் பதிவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நம்பர்ல ஓடிபி வரும், அதனால அவர் வீட்டுல இருக்கற நேரமா பாத்து உக்காருங்க. ரெண்டு பதிவுலயும் பேரும் பிறந்த வருஷமும் ஒரே மாதிரி இருக்கான்னு முன்னாடியே பாத்துக்குங்க. ஒண்ணுல "சரோஜா", இன்னொண்ணுல "சரோஜா எம்"னு இருந்தா அங்கேயே தடுக்கும்.

சேர்ந்ததும் பாஸ்போர்ட் நம்பரை ஏத்துங்க. அப்புறம் வெளிநாட்டுப் பயண சர்டிபிகேட்டை எடுங்க. சாதா சர்டிபிகேட்டுல பிறந்த வருஷமோ வயசோதான் இருக்கும். வெளிநாட்டுக்கானதுல நாள், மாசம், வருஷம் மூணும் வரும். 2021 செப்டம்பர் கடைசியில, நம்ம சர்டிபிகேட்டை ஏத்துக்கறது பத்தி பிரிட்டனோட சண்டை ஓடினப்பதான் இந்த மாத்தமே வந்துச்சு.

நம்ம ஊருக்குன்னே இருக்கற வம்பு இனிஷியல். ஆதார்ல "எஸ் முருகன்", பாஸ்போர்ட்ல முருகன் ஒரு கட்டத்துல, செல்வராஜ் இன்னொரு கட்டத்துல. கோவின் ஆதாரைப் பாத்து எழுதியிருக்கும், விமான டிக்கெட் பாஸ்போர்ட்டைப் பாத்து எழுதும். திருத்தம் ஒரே ஒரு தடவைதான். பேர், பிறந்த வருஷம், ஆணா பெண்ணா, இந்த மூணுல ரெண்டைத்தான் மாத்த விடும். அதனால பாஸ்போர்ட்டை எதிர்ல வெச்சுக்கிட்டு எழுத்து எழுத்தா அடிங்க. பாஸ்போர்ட்ல இனிஷியல் விரிஞ்சிருந்தா இங்கயும் விரிக்கணும். ஒரு எழுத்து தப்பாப் போச்சுன்னா அடுத்த வாய்ப்பு இல்ல.

67 வயசுக்கு பூஸ்டர் வேணுமான்னு கேட்டா, தாய்லாந்து கேக்கல. அவங்க உடம்புக்காகப் போட்டுக்கறது வேற விஷயம்.

டோல்கேட் பயணி, 29 மார்ச் 2022

நன்றி. பேர் வித்தியாசம் எங்க வீட்டுல மூணு பேருக்கு இருக்கு, இன்னைக்கு உக்காந்தாச்சு. தாய்லாந்துல முதல் நாள் என்ன நடக்கும்? திரும்பி வரும்போது? பேக்கேஜ் எடுத்தா 5% வரி வேற கேக்கறாங்க.

காசிமேடு கலங்கரை, 29 மார்ச் 2022

தாய்லாந்துல இப்ப இருக்கற நிலை, இறங்கினதும் டெஸ்ட் எடுத்துட்டு ரிசல்ட் நெகட்டிவ்னா சுத்த விடற "டெஸ்ட் அண்ட் கோ". ஏப்ரல் 1-லேர்ந்து இங்கிருந்து கிளம்பறதுக்கு முன்னாடி ஆர்டி-பிசிஆர் வேணாம். இறங்கற அன்னைக்கு ஒரு ஆர்டி-பிசிஆர், அஞ்சாவது நாள் நீங்களே மூக்குல விட்டுப் பாக்கற கிட். முதல் ராத்திரிக்கு அவங்க ஒத்துக்கிட்ட ஹோட்டல், விமான நிலையத்திலேர்ந்து வண்டி, டெஸ்ட், இந்த மூணுக்கும் சேர்த்து முன்பணம் கட்டின ரசீது வேணும். ரிசல்ட் வர்ற வரைக்கும் அறையை விட்டு வெளிய வரக்கூடாது. 4 வயசுப் பையனோட ஒரு முழு நாள் அறைக்குள்ளன்னு நெனச்சு சாமான் கட்டுங்க.

தாய்லாந்துக்குள்ள வர ஆன்லைன்ல வாங்கற அனுமதிதான் தாய்லாந்து பாஸ். அதுக்குக் கிளம்பறதுக்கு 7 நாளைக்கு முன்னாடியாவது விண்ணப்பம் போடணும். பொண்ணுக்குத் தனி விண்ணப்பம். பையனை உங்க விண்ணப்பத்துக்குள்ளயே சேர்த்துடலாம். சர்டிபிகேட்டைப் பிடிஎஃப்பா ஏத்தாம படமா மாத்தி ஏத்துங்க. க்யூஆர் கட்டத்தைத் தனியா வெட்டி இன்னொரு படமா வெச்சுக்குங்க. வெளிச்சம் அடிச்ச போட்டோ, ஓரம் வெட்டுப்பட்ட பாஸ்போர்ட் பக்கம், இதாலயே பாதி விண்ணப்பம் திரும்புது.

சென்னையிலேர்ந்து நடுராத்திரி தாண்டிக் கிளம்பற விமானமா இருந்தா தேதியில கோட்டை விடாதீங்க. வீட்டை விட்டு 19-ம் தேதி ராத்திரி கிளம்புவீங்க, டிக்கெட்டுல 20 இருக்கும், இறங்கறதும் 20 விடியக்காலை. ஹோட்டல் 19-க்குப் போட்டிருந்தா பாஸ் நிராகரிப்பு. அந்த நேரத்துக்கு மெட்ரோவும் உதவாது. விம்கோ நகர்லேர்ந்து ஏர்போர்ட் வரைக்கும் நீலத் தடம் நேரா போகுதுங்கறது சரிதான், ஆனா அது பகல் விமானத்துக்கு. டாக்ஸியை முன்னாடியே சொல்லி வைங்க.

இன்சூரன்ஸ் ஆளுக்கு 20,000 டாலர் கவர். இங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. பாலிசியில "கோவிட்"னு எழுதியிருந்தா மட்டும் போதாது. பாசிட்டிவ் வந்து, காய்ச்சல் ஒண்ணும் இல்லாம ஹோட்டல்ல அடைச்சு வெச்சா அந்த வாடகையைத் தருமா? நிறைய பாலிசி ஆஸ்பத்திரியில படுத்தாத்தான் தரும். அந்த வரியைத் தேடிப் படிங்க. மாமியார் வயசுக்கு கவர் குறையுதான்னும் பாருங்க.

போன ஒரு மாசத்துல வீட்டுல யாருக்காவது கோவிட் வந்திருந்தா, கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இங்கயே ஒரு ஆர்டி-பிசிஆர் எடுத்துப் பாத்துடுங்க. உடம்பு தேறிப் பல வாரம் ஆன பிறகும் செத்த வைரஸோட துணுக்கு டெஸ்டுல பாசிட்டிவ்னு காட்டும். அங்க போய் அதைத் தெரிஞ்சுக்கறதை விட இங்க தெரிஞ்சா தேதியை மாத்திக்கலாம்.

5% வரி உண்மைதான், 2020 அக்டோபர்லேர்ந்து இருக்கு. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ், அதாவது விக்கறவரே முன்கூட்டிப் பிடிச்சுக் கட்டற வரி. உங்க பான் நம்பர்ல ஏறும், வருமான வரி கணக்குல கழிச்சுக்கலாம். பணம் போயிடாது, சில மாசம் மாட்டிக்கும், அவ்வளவுதான். டிக்கெட்டை மட்டும் விமானக் கம்பெனியில நேரா எடுங்க. நடுவுல ஏஜென்ட் இருந்தா, ரத்தானதும் அவங்க அவரைக் காட்டுவாங்க, அவர் அவங்களைக் காட்டுவார்.

மூலக்கொத்தளம், 30 மார்ச் 2022

திரும்பி வர்றதை நான் சொல்றேன். ஜனவரி 11-லேர்ந்து எல்லாருக்கும் போட்ட 7 நாள் வீட்டுத் தனிமை பிப்ரவரி 14-ம் தேதியோட போயிடுச்சு. "ஆபத்தான நாடுகள்" பட்டியலும் அன்னைக்கே போச்சு. இப்ப 14 நாள் உங்களை நீங்களே கவனிச்சுக்கணும், அவ்வளவுதான். வேலைக்குப் போகலாம். இறங்கினதும் 100 பேர்ல 2 பேரை எடுத்து சாம்பிள் பிடிப்பாங்க. கொடுத்துட்டு வீட்டுக்கு வந்துடலாம்.

ஆனா இந்தியாவுக்கு வர்றவங்க ஆன்லைன்ல நிரப்பற ஏர் சுவிதா படிவம் கட்டாயம். அதுல ஊசி சர்டிபிகேட் இல்லன்னா ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ், ஏதாவது ஒண்ணு ஏத்தணும். சர்டிபிகேட் வழி பட்டியல்ல இருக்கற நாடுகளுக்கு மட்டும்தான், கிளம்பற அன்னைக்கு அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்க. பையன் 5 வயசுக்குக் கீழே, டெஸ்ட் விலக்கு. பொண்ணுக்கு இங்க கோர்பேவாக்ஸ் உதவும்! சிங்கப்பூர் மதிக்காத ஊசியை இந்தியா மதிக்கும், ஏன்னா போட்டதே இந்தியா. 28 நாள் கழிச்சு ரெண்டாவது டோஸைத் தள்ளிப் போடாம போட்டுடுங்க. விட்டா அவளுக்கு மட்டும் பாங்காக்ல ஆர்டி-பிசிஆர் எடுக்கணும்.

எடுக்க வேண்டி வந்தா 72 மணி நேரம்ங்கறது ரிப்போர்ட் வந்த நேரத்திலேர்ந்து இல்ல, மூக்குல குச்சி விட்ட நேரத்திலேர்ந்து. ரிப்போர்ட்ல பாஸ்போர்ட் நம்பரும் சாம்பிள் எடுத்த மணியும் இருக்கணும். 48 மணி நேரத்துக்குள்ள எடுக்கற மாதிரி வெச்சா விமானம் தாமதமானாலும் தாங்கும். அவளுக்குப் பாசிட்டிவ் வந்தா கூட யார் தங்கறது, யார் மத்தவங்களோட திரும்பறதுன்னு இங்கயே பேசிடுங்க. விசா நாள் கணக்கும் அதுக்கு இடம் கொடுக்கணும்.

காசிமேடு கலங்கரை, 23 ஏப்ரல் 2022

மேலே நான் எழுதினதுல பாதியை அடிச்சுடுங்க. நேத்து வந்த தாய்லாந்து அறிவிப்பு: மே 1-லேர்ந்து டெஸ்ட் அண்ட் கோ இல்ல. ஊசி போட்டவங்களுக்கு இறங்கற அன்னைக்கு டெஸ்டும் இல்ல, முதல் ராத்திரி கட்டாய ஹோட்டலும் இல்ல. தாய்லாந்து பாஸ் மட்டும் இன்னும் இருக்கு, இன்சூரன்ஸ் 10,000 டாலரா குறைஞ்சது. சிங்கப்பூரும் 26-லேர்ந்து முன் டெஸ்டை எடுத்துடுச்சு, ஆனா 13 வயசு விதி அப்படியேதான்.

டோல்கேட் பயணி, 23 ஏப்ரல் 2022

ஐயோ, முதல் ராத்திரி ஹோட்டல் பேக்கேஜுக்கு ஏற்கெனவே பணம் கட்டிட்டேனே. திரும்புமா?

பழைய வண்ணை, 23 ஏப்ரல் 2022

அது அந்த ஹோட்டல் கையில. ரத்து பண்ணுங்கன்னு கேக்காதீங்க. டெஸ்டையும் வண்டியையும் கழிச்சுட்டு மிச்சத்தை அதே ஹோட்டல்ல கூடுதல் ராத்திரியா மாத்தித் தரச் சொல்லுங்க. அதுக்கு ஒத்துக்கறது அவங்களுக்குச் சுலபம். இன்னைக்கே மெயில் போடுங்க, ரசீதையும் மே தேதியோட டிக்கெட்டையும் சேர்த்து. மாமியார் சர்டிபிகேட் ஒண்ணாச்சா?

டோல்கேட் பயணி, 23 ஏப்ரல் 2022

ஆச்சு. பக்கத்து வீட்டு அண்ணன் ஓடிபி சொல்ல ரெண்டு தடவை மாடி ஏறி இறங்கினார். பொண்ணுக்கு ரெண்டாவது ஊசி முந்தாநாள் போட்டாச்சு. மெயில் இப்பவே போடறேன்.