இழுத்துச் செல்லும் மர அறுவை எந்திரம்: கழிவு மரத்தை என்ன செய்வது?

கேள்வி: இழுத்துச் செல்லக்கூடிய சிறிய பேண்ட்சா (வளைய நாடா ரம்பம்) எந்திரத்தில் மரம் அறுக்கிறேன். பட்டையோடு வெட்டிக் கழிக்கும் பக்கப் பலகைகளும் ஈரமான மரத்தூளும் குவிந்து, அடுத்த கட்டையை உருட்டவே இடமில்லாமல் செய்கின்றன. இவற்றை எவ்வாறு கையாளுகிறீர்கள்?

மறுமொழி 1: பக்கப் பலகைகளைத் தரையில் போடாதீர்கள். U வடிவச் சட்டம் ஒன்றை எந்திரத்தின் அருகிலேயே வைத்து, அறுக்க அறுக்க அதில் அடுக்கி, நிறைந்ததும் இறுகக் கட்டிவிட்டால், கட்டோடு சேர்த்துச் சங்கிலி ரம்பத்தால் ஒரே அளவு விறகாகத் துண்டித்துவிடலாம். பட்டையில் ஒட்டிய மண் ரம்பத்தின் பற்களை மழுங்கடிக்கும் என்பதால், கட்டையை அறுக்குமுன்பே கழுவிவிடுவது நல்லது.

மறுமொழி 2: தூள்தான் உண்மையான தலைவலி. அதில் கரிமம் மிகுதி, நைட்ரஜன் மிகக் குறைவு. பச்சையாக மண்ணில் கலந்தால், அதை மக்கச்செய்யும் நுண்ணுயிரிகள் மண்ணின் நைட்ரஜனை இழுத்துக்கொள்வதால் பயிர் வெளிறிப்போகும். சாணத்துடன் சேர்த்து நன்கு மக்கவைத்த பின்னரே இடுங்கள். நடைபாதையில் பரப்புவதானால் இந்தக் கவலையே இல்லை. கால்நடைப் படுக்கைக்குக் கொடுப்பதாயின், எந்த மரம் என்று சொல்லிக் கொடுங்கள். கறுப்பு வால்நட் தூள் குதிரைகளின் குளம்பில் அழற்சி உண்டாக்கும்.

மறுமொழி 3: ஈரத்தூளை உயரமாகக் குவித்தால் உள்ளே சூடேறிப் புகையத் தொடங்கலாம். எரிபொருள் கலனையும் புகைபோக்கியையும் குவியலிலிருந்து தள்ளியே வையுங்கள்.