40 அடி தோட்ட வேலி: சவுக்குக் கம்பு, பழைய தேக்கு, பேலட் பலகை

ஹெண்ணூர்_கீரை:
பெங்களூரு, ஹெண்ணூர் பக்கம். காய்கறித் தோட்டத்துக்கு ரோட்டோரமா 40 அடி நீளம், 4 அடி உயரத்தில் வேலி போடணும். அதிலேயே ஒரு ஓரத்தில் 3 அடி கேட். தெருநாயும் மாடும் உள்ளே வரக்கூடாது. கையில் இருக்கிறது: இடிச்ச வீட்டு தேக்கு ஜன்னல் சட்டங்கள், பச்சை பெயின்ட் அடிச்ச பழைய கதவு மூணு, ஒரு குடோனில் சும்மா தர்றதா சொன்ன பேலட்டுகள் (சரக்கு அடுக்குற மரத்தட்டுகள்). கம்பத்துக்கு சவுக்கு வாங்கணுமா, இல்லை தெருவில் வெட்டிப் போட்டிருக்கிற குல்மோகர் கிளையே போதுமா? செம்மண், கரையான் அதிகம். இழைச்சு பாலிஷ் போட்ட மாதிரி வேண்டாம், முரட்டுத்தனமா இருந்தாப் போதும்.

மூலைமட்டம்:
குல்மோகரை மறந்துடுங்க. ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாதுன்னு சொல்றது இதுக்கும் பொருந்தும். ஜகரண்டா, தூங்குமூஞ்சி இளங்கிளையும் அப்படித்தான், மண்ணில் நட்டா ஒரு மழைக்காலம் தாங்கினாலே பெரிசு. அதோட, தெருமரக் கிளை மாநகராட்சிக்குச் சொந்தம். கேட்காம எடுக்கக் கூடாது.

சவுக்கு சரி. அடிப்பக்கம் 4 அங்குலம் பருமன், 6½ அடி நீளம், 8 கம்பம். கணக்கு இதுதான்: 37 அடி வேலியை 6 இடைவெளியாப் பிரிச்சா ஒவ்வொண்ணும் 6 அடி 2 அங்குலம், அதுக்கு 7 கம்பம், கேட் தாழ்ப்பாள் பக்கம் 1. சிவாஜிநகர் பம்பூ பஜாரில் மூங்கிலோட கம்புகளும் பார்க்கலாம். நேரா இருக்கிறதைப் பொறுக்கி எடுங்க. வந்ததும் பட்டையை உரிச்சுடணும். பட்டைக்கு அடியில் ஈரம் தங்கும், துளைக்கிற வண்டு முட்டை வைக்கிற இடமும் அதுதான். உரிச்சதை நிழலில் அடுக்குங்க, வெயிலில் போட்டா வெடிக்கும்.

கம்பம் அழுகுறது அடிநுனியில் இல்லை, தரைமட்டத்தில். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற அந்த அரை அடியில்தான் பூஞ்சை வேலை செய்யும். மருந்து ஏற்றாத சவுக்கு அங்கே அஞ்சு வருஷம் தாண்டினாலே அதிகம். அதனால நல்லாக் காய்ஞ்ச கம்பத்தில் தரைக்கு மேலே அரை அடியிலிருந்து கீழே முழுசும் தார் பெயின்ட் ரெண்டு கோட். பச்சைக் கம்பில் அடிச்சீங்கன்னா ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிற மாதிரி ஆயிடும்.

குழி 10 அங்குல அகலம், 2 அடி 4 அங்குல ஆழம். செம்மண் காய்ஞ்சிருந்தா முந்தின ராத்திரி தண்ணி ஊத்தி வச்சா கடப்பாரை இறங்கும். அடியில் 4 அங்குலம் ஜல்லி, மேலே கம்பம், சுத்தி ஜல்லியும் மண்ணும் கலந்து அரை அடிக்கு ஒரு தடவை இடிக்கணும். ரெண்டு ஓரக் கம்பத்தை முதலில் நட்டு, மேலேயும் கீழேயும் நூல் பிடிச்சு, மத்ததுக்கு ஒவ்வொண்ணா தூக்குக்குண்டு பாருங்க. கான்கிரீட் தேவை கேட் கம்பம் ரெண்டுக்கு மட்டும்தான். அதுவும் அடி திறந்திருக்கணும், மேல்பக்கம் வெளியே சரிஞ்சிருக்கணும். கிண்ணம் மாதிரி போட்டா தண்ணி தேங்கி, கான்கிரீட்டுக்குள்ளேயே மரம் அழுகும்.

கல்கம்பம்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனா கரையான் அதிகம்னு கேள்வியிலேயே இருக்கும்போது மரத்தை ஏன் மண்ணில் புதைக்கணும்? தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம் பக்கம் திராட்சைப் பந்தல்கள் நிற்கிறது கருங்கல் கம்பத்தில். பிளந்த கல், முரட்டுத்தனத்துக்கும் குறைவில்லை. கல்லை நட்டு, குறுக்குக் கழியை ஜி.ஐ. கம்பியால் (துத்தநாகம் பூசின இரும்புக் கம்பி) முறுக்கிக் கட்டிடலாம், கல்லில் ஓட்டை போட வேண்டியதில்லை. கழி ஒண்ணு போனா அதை மட்டும் மாத்தினாப் போதும். ஒரே தொல்லை கனம், இறக்கி நட மூணு பேர் வேணும்.

மூலைமட்டம்:
ஆள் கிடைச்சா அதுதான் நல்ல வழி, மறுக்கலை.

ரீப்பர்:
பலகை விஷயத்துக்கு வர்றேன். பேலட்டில் முத்திரையைப் பாருங்க. எச்.டி. இருந்தா சூடேற்றினது, எடுக்கலாம். எம்.பி. இருந்தா மெத்தில் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். முத்திரை சரியா இருந்தாலும் எண்ணெய்க் கறை, ரசாயன வாடை உள்ளதை ஒதுக்குங்க. கடப்பாரையால் நெம்பினா பாதிப் பலகை ஆணி இருக்கிற இடத்தில் பிளக்கும், பேலட்டில் அடிக்கிற முறுக்காணி (உடம்பில் புரி இருக்கிற ஆணி) பிடியை விடாது. இடுக்கில் ஹாக்ஸா பிளேடு விட்டு ஆணியை அறுத்துடுங்க, தலை பலகையிலேயே இருக்கட்டும், பார்க்கவும் நல்லா இருக்கும்.

10 செ.மீ. பலகை, 5 செ.மீ. இடைவெளின்னா 37 அடிக்கு 75 பலகை. உடையறதுக்குச் சேர்த்து 90 வச்சுக்கோங்க. ஒரு பேலட்டில் முழுசா 7, 8 தேறும், அப்போ 12 பேலட். இடைவெளி இல்லாம நெருக்கி அடிச்சா காத்து மொத்தத்தையும் தள்ளும். பலகை தரையைத் தொடக்கூடாது, 2 அங்குலம் தூக்கி அடிங்க. நாய் மண்ணைத் தோண்டுற இடத்தில் உள்பக்கமா தட்டைக் கல் வரிசை போட்டுடுங்க.

ஜன்னல் சட்டம் பெரும்பாலும் 4, 5 அடிதான் இருக்கும், 6 அடி இடைவெளிக்கு எட்டாது. அதைக் கேட்டுக்கு வைங்க. குறுக்குச் சட்டத்துக்கு 3 அங்குல தைலமரக் கழி 12 போதும். உருண்டைக் கழியில் பலகை ஆடும், ஆணி நாளாக நாளாகத் தளரும். அதனால பலகை உட்காரும் பக்கத்தை வாச்சியால் 2 அங்குல அகலத்துக்குத் தட்டையாச் செதுக்கிடணும். மேல்கழி மூணரை அடி உயரத்தில் வரட்டும், மாடு முட்டுறது அங்கேதான்.

ஸ்குரூ 50 மி.மீ., துத்தநாகப் பூச்சு உள்ளது, பலகைக்கு 4 வீதம் 300. கருப்பு ஜிப்சம் ஸ்குரூ வாங்காதீங்க, மழையில் துரு ஓடும். தேக்கில் 3 மி.மீ. ட்ரில் போடாம முறுக்கினா ஓரம் பிளக்கும்.

பச்சைக் கதவு கவனம். வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) உச்சவரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதுக்கு முந்தின பூச்சில் ஈயம் இருக்கலாம். தோட்டத்தில் வச்சு சுரண்டாதீங்க, உப்புத்தாளை உலர்ந்தபடி தேய்க்காதீங்க. கீரைப் பாத்தியில் விழுந்த தூள் அங்கேயே கிடக்கும். அந்தக் கதவை வேலிக்கே எடுக்காம விடுறது உத்தமம்.

ஹெண்ணூர்_கீரை:
நன்றிங்க. கம்பத்து அடியை நெருப்பில் கருக்கினா கரையான் வராதுங்கறாங்க, பழைய என்ஜின் ஆயிலும் பூசச் சொல்றாங்க. அப்புறம் கேட் தொங்கிப்போகாம இருக்க என்ன செய்யணும்?

மூலைமட்டம்:
கரி மெல்லிய தோல்தான். கம்பம் காயக் காய விரிசல் விடும், அது வழியா கரையான் நேரா உள்ளே போகும். தாருக்குப் பதிலா நம்ப முடியாது. என்ஜின் ஆயில் மண்ணில் இறங்கும், காய்கறி பக்கத்தில் தொடவே வேண்டாம். தரைக்கு மேலே உள்ள மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். துடைச்ச துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானா சூடாகித் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப் போட்டு அப்புறம் குப்பைக்கு.

ரீப்பர்:
கேட்டுக்கு தேக்குச் சட்டத்தில் சதுரம் அடிச்சு, மூலைவிட்டமா ஒரு முட்டுக்கட்டை. அது கீல் பக்கம் கீழ் மூலையில் தொடங்கி தாழ்ப்பாள் பக்கம் மேல் மூலைக்குப் போகணும். அப்போதான் பாரம் கட்டையை அழுத்தி கீழ்க் கீலுக்கு இறங்கும். திருப்பி வச்சா பாரம் கட்டையை இழுக்கும், ஆணி மட்டும்தான் தாங்கும், ஒரே மழையில் தொங்கிடும். கீல் கம்பத்துக்கு மட்டும் 5 அங்குலப் பருமன் எடுங்க, கேட்டுக்கு அடியில் 3 அங்குலம் விடுங்க, தாழ்ப்பாள் பக்கம் அரை அங்குலம். மழையில் மரம் ஊறும்.