பள்ளி ரோபோ குழுவுக்குக் குறைந்த செலவில் பாகங்கள்

கேள்வி: எங்கள் மாணவர்கள் தரையில் வரைந்த கோட்டைப் பின்தொடரும் வண்டி ஒன்றைச் செய்யவிருக்கிறார்கள். நிதி குறைவு என்பதால், எவற்றில் சிக்கனம் பார்க்கலாம், எவற்றில் கூடாது என்று சொல்ல இயலுமா?

பதில் 1: அடிச்சட்டத்திற்குத் தடித்த அட்டையே போதும். மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மோட்டார் டிரைவர் பலகையில்தான் கவனம் தேவை: மலிவான எல்298என் ஏறத்தாழ 2 வோல்ட்டை வெப்பமாகவே இழந்துவிடுவதால், நான்கு ரீசார்ஜ் பேட்டரிகள் தரும் 4.8 வோல்ட்டில் மோட்டாருக்கு 3 வோல்ட் கூட எஞ்சாது. வண்டி தவழும், பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். மாஸ்ஃபெட் (குறைந்த இழப்புள்ள மின்சுவிட்ச்) கொண்ட டிபி6612 வகையை வாங்குங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி ஐயா. பழைய பிரிண்டர் மோட்டார்கள் உதவுமா?

பதில் 2: உதவும். ஆனால் அவற்றுள் சில, படிப்படியாகச் சுழல்வதும் வேறு விதமாக இயக்க வேண்டியதுமான ஸ்டெப்பர் வகை என்பதால், இரு சக்கரங்களுக்கும் ஒரே மாதிரி கியர் மோட்டார்களைப் புதிதாக வாங்கிவிட்டு, பிரிண்டரிலிருந்து இரும்புத்தண்டு, பல்சக்கரம், திருகு ஆகியவற்றைக் கழற்றிச் சேமிப்பதே நல்லது.