பீடி சுத்துற அக்காமார்கிட்ட பேட்டி: கொஞ்சம் வழி சொல்லுங்க

வணக்கம். முக்கூடல் பக்கம் சுகாதார ஆய்வாளரா இருக்கேன். வீட்லயே பீடி சுத்துறவங்களுக்குப் புகையிலைத் தூளால வர்ற தொந்தரவு பத்தி ஒரு சின்ன ஆய்வு. காத்துல எவ்வளவு தூள்னு கருவி அளந்திரும். சன்னலை ஏன் சாத்தி வைக்காங்கன்னு அது சொல்லாது. (சன்னலைத் தொறந்தாலோ ஃபேன் போட்டாலோ தூள் பறக்குமாம், நஷ்டம் அவங்களுக்குத்தான்.)

சிக்கல் என்னன்னா, குழுவா உக்கார வச்சுக் கேட்டா "எங்களுக்கு ஒண்ணும் இல்லய்யா"ங்காங்க. இலை, தூள் குடுக்குற கடைக்காரர் காதுக்குப் போனா, தர்ற அளவு குறைஞ்சிரும்னு பயம். தனியா, மடியில தட்டோட சுத்திக்கிட்டே பேசுறப்பதான் இருமல், இடுப்புவலி எல்லாம் வெளிய வருது. அப்போ குழு உரையாடலையே விட்டுரலாமா? இல்ல, அவங்க எதைச் சபையில மறைக்காங்கங்கிறதும் தரவுதானே?

பகுப்பாய்வுக்குப் பிரான், கிளார்க்ங்கிற ஆய்வாளர்கள் 2006-ல சொன்ன ஆறு கட்ட முறைதான் (பேட்டிகள்ல வர்ற கருத்துகளைத் தலைப்பு வாரியா தொகுக்கிறது) யோசனை. புதுசா எதுவும் வரலை, பேட்டி போதும்னு நீங்க எப்படி முடிவு பண்ணுதிய?

கையெழுத்துன்னாலே மிரளுதாங்க. ஆய்வுக்கு அனுமதி தர்ற நெறிமுறைக் குழு ஒத்துக்கிட்டு வாய்மொழி ஒப்புதல் வாங்கின அண்ணாச்சி, அக்கா யாராவது இருந்தா தமிழ்ப் படிவ மாதிரி அனுப்புங்க. எங்க நெறிமுறைக் குழு கூட்டத்துக்கு முன்னாடி கிடைச்சா புண்ணியம்.